வாரம் ஒரு எழுத்து என்றால் 247 எழுத்துக்கு எத்தனை வருஷம்?

வீட்டிலேயே சின்னக் குழந்தைக்கு எழுத்து சொல்லித்தர நினைக்கும் பெற்றோருக்கு இன்றைக்குப் பயிற்சித்தாள் பஞ்சம் கிடையாது. இலவசமாக அச்செடுத்துக்கொள்ளலாம், காசு கொடுத்து முழுத் தொகுப்பாகவும் வாங்கலாம். எதைப் பிரித்தாலும் உள்ளே ஒரே அமைப்புதான் இருக்கிறது. இந்த வாரம் ‘அ’ வாரம். திங்கட்கிழமை அ வடிவத்துக்குள் வண்ணம் தீட்டணும். செவ்வாய் அன்று பழைய பத்திரிகையிலிருந்து அம்மா, அணில் படங்களை வெட்டி ஒட்டணும். புதன் அரிசித் தட்டில் விரலால் எழுதணும். வியாழன் அணில் முகமூடி. வெள்ளிக்கிழமை அன்னாசிப்பழம் சாப்பிட்டு வாரத்தை முடிக்கணும். அடுத்த திங்கள் ஆ வந்துவிடும், கூடவே பஞ்சு ஒட்டிய ஆடும் வந்துவிடும்.

என் மகளுக்கு நாலு வயசு முடிந்திருக்கிறது. கடந்த சில மாதங்களில் இப்படிப்பட்ட தமிழ்த் தொகுப்புகள் ஏழெட்டை வரி விடாமல் பார்த்தேன். சிலவற்றை அவளோடு செய்தும் பார்த்தேன். எந்தத் தொகுப்பின் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை, ஏனென்றால் குறை எந்த ஒன்றிலும் தனியாக இல்லை. எல்லாமே ஒரே அச்சில் வார்த்தவை. அந்த அச்சு தமிழ் எழுத்துக்காகச் செய்ததில்லை என்பதுதான் என் விமரிசனம். தமிழை அதற்குள் ஊற்றும்போது என்னென்ன வெளியே சிந்துகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அச்சு எங்கிருந்து வந்தது

‘வாரம் ஒரு எழுத்து’ ஆங்கிலம் பேசும் நாடுகளின் மழலையர் வகுப்புகளில் ஊறிப்போன பழக்கம். அங்கே எழுத்து 26. பள்ளி ஆண்டில் வாரங்கள் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். கணக்கு அழகாகப் பொருந்திவிடுகிறது. தொலைக்காட்சியும் இதற்கு உரம் போட்டது. 1969-ல் அமெரிக்காவில் தொடங்கிய ‘செசமி ஸ்ட்ரீட்’ நிகழ்ச்சியில், இன்றைய நிகழ்ச்சியை உங்களுக்கு வழங்குவது இன்னின்ன எழுத்துகள் என்று விளம்பரதாரர் பெயரைச் சொல்வதுபோல வேடிக்கையாக அறிவிப்பார்கள். எழுத்து தனியாக நிற்கும் ஒரு சரக்கு, அதை ஒவ்வொன்றாகக் கைக்குக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் பழகிப்போனது.

ஆங்கிலத்தில் ஒரு எழுத்தோடு ஒரு வாரம் மல்லுக்கட்டுவதற்கு ஒரு நியாயமும் உண்டு. அங்கே எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு. ‘டபிள்யூ’ என்ற பெயருக்குள் வகர ஒலியைத் தேடினாலும் கிடைக்காது. ‘ஹெச்’ என்று சொல்லிக்கொடுத்துவிட்டு ‘ஹ’ என்று படிக்கச் சொல்லணும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று இரண்டு வடிவம் வேறு. தமிழில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. ‘மா’ என்ற எழுத்தின் பெயர் ‘மா’, ஒலியும் ‘மா’. ஒரு வாரம் தேவைப்படும் வேலையே இங்கே கிடையாது.

அந்த ஊரிலேயே இந்தப் பழக்கத்தைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். சிண்டி ஜோன்ஸ், ரே ரூட்ஸெல் என்ற இரு அமெரிக்கக் கல்வியாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு ஒன்று என்பதற்குப் பதிலாக நாளுக்கு ஒரு எழுத்து, முழு நெடுங்கணக்கையும் முடித்ததும் மறுபடி முதலிலிருந்து ஒரு சுற்று என்ற முறையை எடுத்துப் பார்த்தார்கள். வாரம் ஒன்று என்று போனால் வருஷக் கடைசியில் வரும் எழுத்தைக் குழந்தை ஒரே தடவைதான் சந்திக்கும். சுற்றிச் சுற்றி வந்தால் ஒவ்வொரு எழுத்தும் பல தடவை எதிர்ப்படும். மறந்து, மறுபடி பார்த்து, ‘அட, இது தெரியுமே’ என்று அடையாளம் காண்பதில்தான் எழுத்து மனசில் நிற்கிறது. ஆங்கிலத்துக்கே இறுக்கிப் பிடிக்கிற சட்டையை நாம் தமிழுக்கு மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

கணக்கு

தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஆக 247. வாரம் ஒன்று என்றால் நாலே முக்கால் வருஷம் ஆகும். மூணு வயசில் தொடங்கினால் முடிக்கும்போது பிள்ளைக்கு எட்டு வயசு நெருங்கியிருக்கும். எட்டு வயதுக்குள் எல்லாக் குழந்தையும் பொருள் புரிந்து படிக்கணும் என்ற இலக்கோடுதான் தமிழக அரசு 2022-ல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தையே தொடங்கியது.

தொகுப்பு செய்கிறவர்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும். அதனால் 12 உயிரையும் ஆய்தத்தையும் வாரத்துக்கு ஒன்றாகச் செய்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். கொஞ்சம் மெனக்கெடுகிறவர்கள் 18 மெய்யையும் சேர்த்து 31 வாரம் செய்கிறார்கள். மிச்சமுள்ள 216 உயிர்மெய்க்கு? கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு அட்டவணை. நான் பார்த்தவற்றில் இரண்டில் அந்த அட்டவணைகூட இல்லை.

இதில் என்ன தப்பு என்று கேட்கலாம். கையில் ஒரு தமிழ்ச் செய்தித்தாளை எடுத்துக்கொள்ளுங்க. ஒரு பத்தியில் எத்தனை உயிரெழுத்து இருக்கு என்று எண்ணிப் பாருங்க. செய்யுளில் வரும் அளபெடையைத் தள்ளிவிட்டால், உயிரெழுத்து சொல்லின் முதலில் மட்டும்தான் வரும். மற்ற இடமெல்லாம் உயிர்மெய்யும் புள்ளி வைத்த மெய்யும்தான். பேருந்துப் பலகையிலும் பால் பாக்கெட்டிலும் குழந்தை கண்ணில் படுவதும் அவைதான். 12 வாரம் வண்ணம் தீட்டி, வெட்டி, ஒட்டி முடித்த குழந்தையால் எந்தச் சொல்லைப் படிக்க முடியும்? ஆ என்றால் பசு, ஈ என்றால் ஈ. புழக்கத்தில் உள்ள வேறு பொருட்பெயர் எதையும் வெறும் உயிரெழுத்தைக் கொண்டு எழுத முடியாது.

வேறு மாதிரி தொடங்கினால் என்ன ஆகும் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். அ, ட, ப, ம என்று நாலு எழுத்து. ஒரு புள்ளி. ஒரு துணைக்கால். மொத்தம் ஆறே ஆறு பொருள். இவற்றை வைத்து அம்மா, அப்பா, மாமா, பாப்பா, படம், பாடம், பட்டம், மடம், மாடம், மட்டம், அடம் என்று பதினோரு சொல் எழுதலாம். கடைசிச் சொல் எங்கள் வீட்டில் தினமும் புழங்குவது. பன்னிரண்டு உயிர் கற்றால் இரண்டு சொல், ஆறு பொருள் கற்றால் பதினோரு சொல். வரிசையை முடிவு செய்யும்போது நெடுங்கணக்கு எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பதைவிட, எதைக் கற்றால் குழந்தையால் எதைப் படிக்க முடியும் என்று பார்ப்பதுதான் முறை.

247 என்ற எண்ணும் பயப்படும் அளவுக்கு இல்லை. 12 உயிர், 18 மெய், ஒரு ஆய்தம், புள்ளி, பின்பு துணைக்கால், கொம்பு முதலிய ஏழு குறிகள். இதோடு குறி தனியாகப் பிரியாமல் எழுத்தோடு கலந்துவிடும் கு, கூ வரிசையில் 36 வடிவங்கள். மொத்தத்தில் 75 தெரிந்தால் மீதி எல்லாம் அவற்றின் சேர்க்கைதான். 1978-ல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவற்றின் பழைய சிறப்பு வடிவங்களை நீக்கி, இந்தச் சுமையைக் கொஞ்சம் குறைத்தும் வைத்திருக்கிறது. தமிழ் எழுத்து ஒரு கட்டமைப்பு. ஒரு வரிசை பிடிபட்டால் அடுத்த வரிசை பாதி விலைக்குக் கிடைக்கும். வாரம் ஒன்று என்று தனித்தனியாக வெட்டிக் கொடுக்கும்போது குழந்தைக்குக் கிடைக்காமல் போவது இந்தத் தள்ளுபடிதான்.

‘இந்த எழுத்தில் தொடங்கும் பொருளைக் கொண்டு வா’

எல்லாத் தொகுப்பிலும் இருக்கும் விளையாட்டு இது. ஆங்கிலத்தில் நன்றாக ஓடும். ‘பி’ என்றால் பந்து, பாட்டில், பொத்தான் என்று வீடு முழுக்கப் பொருள் கிடைக்கும். தமிழில் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்ற எட்டு மெய்களின் வரிசையில் தமிழ்ச் சொல் தொடங்குவதில்லை. சொல்லுக்கு முதலில் எந்த எழுத்து வரும், எது வராது என்பதைத் தொல்காப்பியமே மொழிமரபில் வரையறுத்திருக்கிறது. டம்ளர், ரயில், லட்டு என்று வந்து சேர்ந்த சொற்களைக் கொண்டு மூணு நாலை ஒப்பேற்றலாம். இலங்கையில் ‘றப்பர்’ என்று எழுதுவதால் றகரத்துக்கும் அங்கே ஒரு பொருள் கிடைத்துவிடும். ழகரத்துக்கும் ணகரத்துக்கும் ளகரத்துக்கும் எங்கே போவது?

புள்ளி வைத்த மெய்யோ தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வரவே வராது. நான் பார்த்த ஒரு தொகுப்பு இதை எப்படிச் சமாளித்தது தெரியுமா? ‘ப்’ என்று பெரிதாக அச்சிட்டுப் பக்கத்தில் பழம் படம் போட்டிருந்தது. பழத்தின் முதலில் இருப்பது ப. அதில் பகர மெய்யும் அகரமும் சேர்ந்திருக்கிறது. அந்த வேறுபாடுதான் தமிழ் எழுத்தின் அடிப்படை. அதைக் கற்பிக்கும் இடத்திலேயே குழப்பிவிட்டார்கள்.

நம் சின்ன வயசுச் சுவர் அட்டை நினைவிருக்கா? க் என்றால் கொக்கு, ங் என்றால் சங்கு, ப் என்றால் கப்பல், ய் என்றால் நாய், ழ் என்றால் யாழ். எழுத்து சொல்லின் நடுவிலோ கடைசியிலோ ஒலிக்கும். அதைச் செய்தவருக்குத் தமிழின் இயல்பு தெரிந்திருக்கிறது. வண்ணமும் வடிவமைப்பும் சுமாராக இருந்த அந்த இரண்டு ரூபாய் அட்டை, இந்த விஷயத்தில் இன்றைய பளபளப்பான தொகுப்பைவிடத் தெளிவாக யோசித்திருக்கிறது. ‘முதலில் எந்த ஒலி’ என்ற கேள்வியை ‘எங்கே கேட்குது?’ என்று மாற்றினாலே போதும். ‘பழத்துல ழ் எங்க இருக்கு, முன்னாடியா நடுவுலயா?’ என்று கேட்டால் விளையாட்டும் கெடாது, மொழியும் கெடாது.

பஞ்சு ஆடு எதைக் கற்றுத்தருகிறது

கைவேலையை நான் குறை சொல்லவில்லை. கத்தரிக்கோல் பிடிப்பதும் பசை தடவுவதும் நாலு வயசு விரலுக்குத் தேவையான பயிற்சி. ஆனால் அதை எழுத்துப் பாடம் என்று கணக்கில் எழுதக்கூடாது. ஆடு செய்த மாலையில் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அச்செடுத்து, வெட்டி, பஞ்சு பிய்த்து, ஒட்டி, கை கழுவி முடிக்க முப்பத்தைந்து நிமிஷம். அதற்குள் ஆ என்ற எழுத்தை அவள் பார்த்துச் சொன்னது மூணு தடவை. மீதி நேரமெல்லாம் அவள் மனசு ஆட்டின் காது பக்கம்தான் இருந்தது. மறுநாள் கேட்டபோது ஆட்டைப் பற்றிப் பத்து விஷயம் சொன்னாள். ஆட்டுக்கு மேல் பெரிதாக அச்சாகியிருந்த எழுத்து அவள் நினைவில் இல்லை. குழந்தை எதை யோசிக்கிறதோ அதுதான் நினைவில் நிற்கும். பஞ்சை யோசித்தால் பஞ்சு நிற்கும்.

இதே இடத்தில் மரியா மாண்டிசோரி என்ன செய்தார் என்று பார்ப்பது பயன் தரும். 1907-ல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் ஏழைத் தொழிலாளர் குழந்தைகளுக்காக அவர் தொடங்கிய இல்லத்தில் உருவானது உப்புத்தாள் எழுத்து. வழவழப்பான அட்டையில் எழுத்தின் வடிவம் மட்டும் சொரசொரப்பாக இருக்கும். குழந்தை விரலால் தடவிக்கொண்டே அதன் ஒலியைச் சொல்லும். படம் கிடையாது, முகமூடி கிடையாது. விரல், கண், காது மூன்றும் எழுத்தின் மேல் மட்டும் இருக்கும்படி மற்ற எல்லாவற்றையும் நீக்கியிருந்தார். அந்த அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்தார். உலகப்போரால் திரும்பிப் போக முடியாமல் 1946 வரை இந்தியாவில் தங்கினார், கொடைக்கானலிலும் சில காலம் இருந்தார். நம் ஊருக்கு வந்தே பாடம் நடத்திய ஒருவரின் முறையை விட்டுவிட்டு அதன் அலங்காரப் பிரதியை நாம் இறக்குமதி செய்துகொண்டிருக்கிறோம். அரிசித் தட்டும் அப்படித்தான். ‘புலனறிவு விளையாட்டு’ என்ற பெயரில் தொகுப்பில் வருவது, திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரல் தேய எழுதியதும் விஜயதசமி அன்று தாம்பாளத்து அரிசியில் எழுதுவதும்தான்.

இன்னொன்றும் இருக்கு. அந்த முப்பத்தைந்து நிமிஷத்துக்கு முன்னால், முந்தின ராத்திரி அச்செடுத்து வெட்டி வைக்க யாரோ ஒருவர் உட்கார்ந்திருப்பார். பெரும்பாலான வீடுகளில் அது அம்மா. வேலைக்குப் போய்த் திரும்பி, சமைத்து, பாத்திரம் ஒழித்துப் போட்டுவிட்டு உட்கார்கிறவர். மூணாவது வாரத்தில் தொகுப்பு அலமாரிக்குப் போய்விடும். ‘என்னால பிள்ளைக்குச் செய்ய முடியலையே’ என்ற குறுகுறுப்பு மட்டும் மிஞ்சும். மாலை நேரத்தில் பத்து நிமிஷம் மட்டுமே உள்ள வீட்டுக்குப் பொருந்தாத ஒரு பாடத்திட்டம் ‘வீட்டுக்கல்வி’ என்ற பெயரைத் தாங்கிக்கொண்டிருப்பது எனக்கு உறுத்துகிறது.

இலையா, எலையா

இனி வருவதுதான் என்னை இதை எழுத உட்கார வைத்தது.

இ வாரம். இலை வாரம் என்றும் சொல்லலாம், எல்லாத் தொகுப்பிலும் இகரத்துக்கு இலைதான். வாசலில் பொறுக்கிய இலையை வைத்துக்கொண்டு ‘இது என்ன?’ என்று கேட்டேன். ‘எல’ என்றாள். ‘எந்த எழுத்துல ஆரம்பிக்குது?’ ‘எ.’

அவள் சொன்னது சரி. சொல்லின் முதல் ஒலியைப் பிரித்தெடுக்கணும் என்பதுதான் பயிற்சி, அதை அவள் துல்லியமாகச் செய்தாள். தொகுப்பின் விடைப்பட்டியல் படி அது தப்பு. பேச்சுத் தமிழில் சொல்லின் முதலில் இகரமோ உகரமோ இருந்து, அடுத்து ஒற்றை மெய்யின் மேல் அகரமோ ஐகாரமோ ஏறி வந்தால், இ எகரமாகவும் உ ஒகரமாகவும் ஒலிக்கும். இலை எல, இடம் எடம், விலை வெல, நிலம் நெலம். உடம்பு ஒடம்பு, உலகம் ஒலகம், முகம் மொகம், குடம் கொடம். இது ஒரு வீட்டுக் கொச்சை கிடையாது. தமிழ்நாட்டில் பரவலாக, ஒழுங்கு பிசகாமல் நடக்கும் ஒலிமாற்றம். அதே அட்டையில் உகரத்துக்கு நிற்கும் உரலும் உலக்கையும் குழந்தை காதுக்கு ஒரலும் ஒலக்கையும்தான். அதுவும் மிக்சி ஓடும் வீட்டில் வளரும் பிள்ளை உரலை எங்கே பார்த்திருக்கும் என்பது தனிக் கேள்வி.

நாலு வயசில் பிள்ளையிடம் ஒரே ஒரு முழுச் சொத்து இருக்கிறது, அது அதன் பேச்சு. நம்மோடு வாதாடுவதும் கதை சொல்வதும் பொய் சொல்வதும் அதில்தான். எழுத்துக்குள் நுழையும் முதல் வாரங்களிலேயே ‘உன் காதில் விழுவது தப்பு, இது இலை, எல கிடையாது’ என்று திருத்தினால், எழுத்து என்பது பேச்சோடு ஒட்டாத ஒன்று, அங்கே காதை நம்பக்கூடாது, பெரியவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லணும் என்றுதான் அது புரிந்துகொள்ளும். பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையே இவ்வளவு தூரம் உள்ள மொழியில் இந்தப் பாடம் ஒருநாள் எப்படியும் வரத்தான் போகிறது. முதல் நாளே, அதுவும் குழந்தை சரியாகச் சொன்ன இடத்திலேயே வருவதுதான் கொடுமை. சிட்னியிலோ டொரன்டோவிலோ வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு இது இன்னும் கனமானது. அங்கே வீட்டுப் பேச்சு ஒன்றுதான் அதற்குத் தெரிந்த தமிழ். அதையும் தப்பு என்றால், மாற்றாகப் பேச அதனிடம் ஆங்கிலம் தயாராக இருக்கிறது.

தீர்வு அடுக்களையிலேயே கிடைக்கிறது. இகரத்துக்கு இட்லியும் இஞ்சியும். உகரத்துக்கு உப்பும் உளுந்தும். பேச்சிலும் எழுத்திலும் முதல் ஒலி மாறாத சொற்கள் இவை. எழுத்து நன்றாகப் பழகிய பின் ஒருநாள் ‘நாம எலன்னு சொல்றோம், எழுதும்போது இலைன்னு எழுதுவோம்’ என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். அப்போது அது திருத்தமாக இருக்காது, ஒரு வேடிக்கையான செய்தியாக இருக்கும். தொகுப்பு செய்கிறவர் 12 படங்களைத் தேர்ந்தெடுக்கும்போது வாய்விட்டு ஒரு தடவை சொல்லிப் பார்த்திருந்தாலே இது தெரிந்திருக்கும்.

யாருடைய சொல்

நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்திய சில்வியா ஆஷ்டன் வார்னர் 1963-ல் வெளிவந்த ‘டீச்சர்’ என்ற நூலில் தன் முறையை விவரித்திருக்கிறார். ஒவ்வொரு குழந்தையிடமும் உனக்கு எந்தச் சொல் வேணும் என்று கேட்பார். அது கேட்ட சொல்லை அட்டையில் எழுதி அதன் கையிலேயே கொடுத்துவிடுவார். பேய், முத்தம் மாதிரியான சொற்களைப் பிள்ளைகள் ஒரே பார்வையில் பிடித்துக்கொண்டார்கள். அதே 1963-ல் பிரேசிலின் ஆங்கிகோஸ் ஊரில் பாவ்லோ ஃப்ரெய்ரே சுமார் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவு தர முயன்றார். அவர் முறையில் புகழ்பெற்ற ஒரு சொல் ‘திஜோலோ’, போர்த்துகீசிய மொழியில் செங்கல். அந்தச் சொல்லை அசையாகப் பிரித்து, ஒவ்வொரு அசைக்கும் த, தெ, தி, தொ, து என்று குடும்பத்தை விரித்து, அவற்றை மாற்றி மாற்றிச் சேர்த்துப் புதுச் சொல் உண்டாக்கச் சொல்வார்.

இந்தக் குடும்பத்தைப் பார்த்ததும் நமக்கு என்ன நினைவு வருகிறது? க, கா, கி, கீ. ஃப்ரெய்ரே தனியாக வரைந்துகொள்ள வேண்டியிருந்த அட்டவணை நம்மிடம் நெடுங்கணக்காகவே இருக்கிறது. மனப்பாடம் என்று சொல்லி அதை ஒதுக்கிவிட்டு முகமூடிக்குப் போகிறோம். ராகம் போட்டு க, கா, கி, கீ சொல்வதில் பிள்ளைகளுக்கு அலுப்பே கிடையாது. பொருள் இல்லாமல் அதை மட்டும் மாதக்கணக்கில் சொல்ல வைத்ததுதான் பழைய முறையின் குறை.

குழந்தையின் சொந்தச் சொல் என்றால் முதலில் அதன் பெயர்தான். ரெபேக்கா ட்ரைமன் 1998-ல் விக்டோரியா ப்ரோடெரிக்கோடு சேர்ந்து செய்த ஆய்வில், ஆங்கிலம் கற்கும் சிறார் தங்கள் பெயரின் முதல் எழுத்தை மற்ற எழுத்துகளைவிட நன்றாக அறிந்திருந்ததைக் காட்டினார். இன்றைய தமிழ்நாட்டு மழலையர் வகுப்பின் வருகைப் பதிவேட்டை நினைத்துப் பாருங்க: ஜனனி, ஹரிணி, யாஷிகா, தர்ஷன். ஜ, ஷ, ஸ, ஹ எதுவும் 247-க்குள் வராது. கிரந்த எழுத்து வேணுமா வேண்டாமா என்று பெரியவர்கள் எத்தனை வேண்டுமானாலும் வாதாடலாம். தன் பெயரின் முதல் எழுத்தே பாடத்தில் இல்லாத பிள்ளைக்கு அந்த வாதம் புரியாது. நான் பார்த்த எந்தத் தொகுப்பிலும் பிள்ளையின் பெயரை எழுத ஒரு கட்டம்கூட இல்லை.

வீட்டில் நான் வைத்திருப்பது

பழைய அழைப்பிதழ் அட்டையில் வெட்டிய எழுத்துகள், தடித்த பிளாஸ்டிக் தாளில் வரைந்த துணைக்காலும் கொம்பும், கறுப்புப் பொத்தான் ஒன்று புள்ளிக்கு. ம மேல் பொத்தானை வைத்தால் ம், எடுத்தால் ம. மெய்யும் உயிர்மெய்யும் வேறு என்று விளக்கிச் சொல்லத் தேவையில்லாமல் கையே சொல்லிவிடுகிறது. கொம்பு மட்டும் அவளுக்கு முதலில் விளங்கவில்லை, மெ என்று சொல்லும்போது ம தானே முதலில் கேட்குது, கொம்பை ஏன் முன்னாடி வைக்கணும் என்றாள். நியாயமான கேள்வி. ‘கொம்பு எப்பவும் முன்னாடி முட்டிக்கிட்டு வரும்’ என்றதும் ஒத்துக்கொண்டாள். பத்து நிமிஷம், வாரத்தில் நாலு நாள். அவள் கேட்கும் சொல் ஒன்று, நான் சேர்க்கும் சொல் ஒன்று. எழுதச் சொல்வதில்லை. பென்சில் பிடிக்கும் விரல் இன்னும் தயாராகவில்லை.

அவசரமும் கிடையாது. சோனாலி நாக் 2007-ல் வெளியிட்ட கன்னட ஆய்வு, தமிழைப் போலவே உயிர்மெய் கொண்ட அந்த எழுத்துமுறையைப் பிள்ளைகள் முழுதாக வசப்படுத்தத் தொடக்கப்பள்ளியின் பல வருஷங்கள் எடுத்துக்கொள்வதைக் காட்டியது. ஆங்கிலத்தில் ஒரு வருஷத்தில் முடியும் நெடுங்கணக்கு நம் மொழிகளில் அப்படி முடியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை ‘ஏ’ முதல் ‘இசட்’ வரை சொல்கிறது, நம் பிள்ளை இன்னும் தமிழில் தடுமாறுகிறதே என்று கவலைப்படும் பெற்றோருக்கு இந்தத் தகவல் ஆறுதல் தரும்.

அதனால் அடுத்த தொகுப்பை அச்செடுக்கும் முன் மூணு கேள்வி கேட்டுப் பாருங்க. முதல் மாதத்தில் குழந்தை எத்தனை முழுச் சொல்லைப் படிக்கும்? படத்தைக் காட்டினால் நம் வீட்டுப் பேச்சில் என்ன சொல்லும்? அதன் பெயருக்கு இதில் இடம் இருக்கா? மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால் தாராளமாக ஆடும் செய்யலாம், காதுக்குப் பஞ்சும் ஒட்டலாம். இல்லையென்றால் அந்தக் காகிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பி, குழந்தை கேட்கும் ஒரு சொல்லைப் பெரிதாக எழுதிக் கையில் கொடுங்க. அச்செடுத்த மை வீணாகாது.